வெறும் வலையோடு வந்த நாளை யார் எழுதுகிறார்கள்? மீன் கணக்கும் நம் கடலும்

நாவலடியான்:

கடந்த வாரம் எங்கள் ஊரில் கடற்றொழிலாளர் கூட்டம் நடந்தது. ஒரு தாளை வாசித்தார்கள். கரையோரச் சிறுமீன் குறைந்துவருகிறது, ஆகவே சின்னக் கண் வலைகளை ஆண்டில் சில மாதங்கள் கட்டிவைப்பது நல்லது என்பது அதன் சாரம். "ஆய்வின்படி" என்ற சொல் மூன்று இடங்களில் வந்தது. எந்த ஆய்வு, யார் எண்ணினார்கள், எங்கே எண்ணினார்கள் என்று கேட்டேன். வாசித்தவருக்கே தெரியவில்லை.

மீன் குறையவில்லை என்று வாதாட நான் வரவில்லை. குறைந்துதான் இருக்கிறது. அப்பா வலை போட்ட இடத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் நான் ஓடுகிறேன். என் கேள்வி வேறு.

சென்ற மாதம் ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு இறங்கினோம். விடியும்போது வலையில் ஒரு கறிக்குக்கூட மீன் இல்லை. கரையில் அளவுப் பலகையோடு ஓர் இளைஞர் நின்றார். பக்கத்துப் படகில் கீரி மீன் இரண்டு பெட்டி இருந்தது. அதில் ஒரு கை அள்ளி, ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்கள் படகின் பக்கம் வரவே இல்லை. வந்து அளக்க எங்களிடம் என்ன இருந்தது? ஆனால் அன்று முழுவதும் எனக்கு அதே யோசனை. அவர் எழுதிய தாளில் எங்கள் படகு இருக்கிறதா, இல்லையா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாய்ந்தமருது காக்கா:

தம்பி, நல்ல கேள்வி கேட்டீர்கள். நான் கரைவலைக்காரன். வாப்பா காலத்திலிருந்து எங்களுக்கு அதுதான் தொழில். நெத்தலி இரண்டு பருவம் ஏமாற்றும், மூன்றாம் பருவம் கரையே வெள்ளியாக மின்னும். நீரோட்டம், மழை, ஆற்றுத் தண்ணீர் கடலில் கலக்கும் நேரம் எல்லாவற்றையும் பார்த்து வருகிற மீன் அது. அதை ஒரு காலைப்பொழுதில் வந்து அளந்துவிட்டு "குறைந்துவிட்டது" என்று எழுதினால் நான் எப்படி நம்புவது?

இன்னொன்று. ஒரு வலையை இழுக்க எத்தனை பேர் கயிறு பிடிக்கிறார்கள் என்று தாள் எழுதுகிறவர்களுக்குத் தெரியுமா? அத்தனை பேருக்கும் அன்றைய பங்கில்தான் அடுப்பு எரிகிறது. வலையைக் கட்டிவை என்றால் அந்த மாதங்களில் அவர்களுக்கு அரிசி யார் கொடுப்பது?

ஒலுவிலைப் பாருங்கள். துறைமுகம் கட்டுமுன் மணல் எந்தப் பக்கம் ஓடும் என்று அந்தக் கரையில் பிறந்த யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். 2013இல் திறந்தார்கள். வாயில் மணல் மூடிப் படகு போக வழியில்லாமல் போனது, வடக்குப் பக்கம் கரையைக் கடல் தின்றது. அதற்கும் ஆய்வு செய்துதானே கட்டியிருப்பார்கள்? அறிவு பல்கலைக்கழகத்தில் மட்டும் இருக்கிறது என்று நினைப்பவர்கள் மீது எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்.

வந்தாறுமூலை மாணவி:

நாவலடி அண்ணா, அந்தப் பலகையோடு நானும் நின்றிருக்கிறேன். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் நான்கு மாதம், விடிய ஐந்து மணிக்குக் கரையில். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மீனின் மூக்கைப் பலகையின் நிமிர்ந்த பக்கத்தில் முட்டவைத்து, வால் பிரியும் கவட்டில் அளவை வாசிப்போம். கீரி மீனின் செதில் விரலெல்லாம் ஒட்டும். வீட்டுக்குப் போய்க் குறிப்பேட்டைத் திறந்தால் பக்கமும் பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தால் எண்கள் கிழியும். அளந்த மீன்களில் சிலவற்றை விலைக்கு வாங்கி வயிற்றைக் கீறிப் பார்ப்போம். சினை நூல் போல மெலிந்திருக்கிறதா, மணி மணியாக வயிற்றை நிறைத்திருக்கிறதா, முட்டை விட்டு முடித்துத் தொய்ந்து கிடக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. எந்த நீளத்தில் பாதி மீன்களுக்குச் சினை பிடித்துவிடுகிறது, எந்த மாதத்தில் நிறைசினை அதிகம் என்பது இதிலிருந்துதான் வருகிறது. அண்ணா கேட்ட தாளில் "சில மாதங்கள்" என்று இருந்ததாகச் சொன்னீர்கள். அந்த மாதங்களை நியாயமாக எடுத்திருந்தால் இந்தச் சினைக் கணக்கிலிருந்துதான் எடுத்திருப்பார்கள்.

வயது பார்க்க இன்னொரு வழி உண்டு. கத்தாளை சாப்பிடும்போது தலையில் இரண்டு வெள்ளைக் கற்கள் கடிபடுமே, அந்தக் கல் சிறிதாகவேனும் எல்லா முள்மீன்களுக்கும் உண்டு. அதைத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் வளையங்கள் தெரியும். குளிர்க்கடல் மீனுக்கு ஆண்டுக்கு ஒரு வளையம், மரத்தில் இருப்பது போல. நம் வெப்பக்கடலில் ஆண்டு வளையம் அவ்வளவு தெளிவாக விழாது. ஆனால் குஞ்சு மீனின் கல்லில் நாளுக்கு ஒரு மெல்லிய வளையம் எண்ணலாம். முதன்முறை அதை எண்ணியபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அந்த மீன் பிறந்த நாள் என் கையில் இருந்தது.

இப்போது அண்ணாவின் வெறும் படகு. முறையாகச் செய்தால் அது தாளில் இருக்க வேண்டும். அன்று அந்தத் துறையிலிருந்து எத்தனை படகு இறங்கியது என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் விட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பத்துப் படகு போகிறது. நான்கு படகுக்குத் தலா 40 கிலோ மீன், ஆறு படகு வெறுமை. மீன் கொண்டுவந்த படகை மட்டும் எழுதினால் படகுக்குச் சராசரி 40. பத்தையும் எழுதினால் 16. அடுத்த ஆண்டு இரண்டு படகுக்குத்தான் மீன் கிடைக்கிறது, அதே தலா 40 கிலோ. மீன் கொண்டுவந்த படகை மட்டும் பார்க்கிறவருக்கு இன்னும் 40தான், எதுவும் மாறவில்லை. பத்தையும் எழுதியவருக்கு 8. கடலில் பாதி போய்விட்டது என்பதை அவர் மட்டும்தான் அறிவார்.

ஆகவே அன்று உங்கள் படகைத் தாண்டிப் போனது சிறிய தவறு அல்ல. நானும் அப்படித் தாண்டிப் போயிருக்கிறேன் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். முதல் மாதம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம் கரையில் ஒரு காலையில் நிற்கும் படகுகளில் எத்தனை வெறுமை என்று உங்களுக்குத் தெரியும்.

நாவலடியான்:

தங்கச்சி, அந்தப் பத்துப் படகுக் கணக்கை இரண்டு முறை வாசித்தேன். பிறகு தொழிலுக்குப் போகும் தம்பிக்கும் வாசித்துக் காட்டினேன். "அப்படியென்றால் நாம் எழுதப்படாமல் இருப்பது மீனுக்கும் கெடுதியா" என்று கேட்டான்.

வாழைச்சேனைப் படகோட்டி:

நான் பலநாள் படகு. ஒரு பயணம் மூன்று வாரம், சில நேரம் அதற்கும் மேல். எங்கள் மீன் சூரையும் கெலவல்லாவும், இரண்டும் டூனா வகை. அது நம் கடலில் மட்டும் நிற்கிற மீன் இல்லை. இன்று நம் பக்கம், பிறகு மாலைதீவுப் பக்கம். அதனால் கணக்கும் முடிவும் பல நாடுகள் சேர்ந்து செய்கிற காரியம். இந்து சமுத்திர டூனா ஆணைக்குழு என்று ஓர் அமைப்பு, தலைமையகம் சீஷெல்ஸில். அதன் அறிவியல் குழு ஆண்டு முடிவில் கூடி நிலைமையைச் சொல்லும். அடுத்த ஆண்டு நாடுகள் கூடிப் பேசி முடிவெடுக்கும். சொல்லுகிற மேசை வேறு, முடிவெடுக்கிற மேசை வேறு. இதை நம் ஆட்கள் பலர் அறிவதில்லை, ஆராய்ச்சியாளர்தான் தடை போடுகிறார் என்று அவரைத் திட்டுகிறார்கள்.

எங்களுக்குக் கணக்கின் அருமை தெரிந்தது அடி வாங்கிய பிறகுதான். 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு மஞ்சள் அட்டை காட்டியது. ஆழ்கடலுக்குப் போகிற படகுகளைக் கண்காணிக்க ஒழுங்கான முறை இல்லை, ஆணைக்குழுவின் விதிகளைக் கடைப்பிடிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. 2014இல் சிவப்பு அட்டை, 2015 ஜனவரியிலிருந்து நம் மீன் அங்கே போக முடியாமல் நின்றது. 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. கடலில் மீன் இருந்தது, வலையில் மீன் இருந்தது, எங்கே எவ்வளவு பிடித்தோம் என்று காட்டத்தான் எதுவும் இல்லை. அதன் பிறகுதான் படகில் செய்மதிக் கருவி வந்தது, பதிவுப் புத்தகம் இல்லாமல் துறையை விட்டு இறங்க முடியாது என்று ஆனது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு வலையும் இழுத்தவுடன் எழுத வேண்டும். கரைக்குத் திரும்பும் கடைசி இரவில் நினைவிலிருந்து ஒரே மூச்சில் எழுதி முடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். சில பயணங்களில் நானும் அப்படித்தான் எழுதினேன். களைப்பு ஒரு காரணம். நல்ல இடத்தை எழுதினால் மற்றவனுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் இன்னொரு காரணம். இப்போது மாணவித் தங்கை எழுதியதை வாசிக்கும்போது அந்தப் பக்கங்கள் எங்கே போய் எதில் கூட்டப்பட்டனவோ என்று மனம் உறுத்துகிறது.

களுவாஞ்சிக்குடி ஆசிரியர்:

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான், கடல் தொழில் தெரியாது. ஆனால் கனடாவின் கிழக்குக் கரையில் நியூபவுண்ட்லாந்தில் நடந்ததை நெடுங்காலமாக வாசித்துவருகிறேன். காக்காவின் ஆத்திரத்துக்கும் மாணவியின் கணக்குக்கும் அது ஒருசேரப் பதில் சொல்கிறது.

அங்கே கொட் என்ற மீன். நூற்றாண்டுக் கணக்காக அதை நம்பியே ஊர்கள் வாழ்ந்தன. 1968இல் மட்டும் ஏறக்குறைய 8 இலட்சம் தொன் பிடித்தார்கள், பெரும்பாலும் தூரதேசத்து இழுவைக் கப்பல்கள். 1977இல் கனடா 200 கடல்மைலைத் தன் எல்லையாக்கியது. இனி நாமே ஆள்வோம், அறிவியல் முறையில் ஆள்வோம் என்றார்கள். நல்ல விஞ்ஞானிகள், நல்ல கப்பல்கள்.

எண்பதுகளில் கரையோரச் சிறு படகுக்காரர்கள் மீன் குறைகிறது, வருகிற மீனும் சிறுத்துவிட்டது என்று முறையிட்டார்கள். ஆனால் கணக்கில் பெரிய இழுவைக் கப்பல்களின் பிடிக்கு அதிகக் கனம் இருந்தது. அந்தக் கப்பல்களுக்கோ மீன் குறையவே இல்லை, ஏனென்றால் எஞ்சிய மீன் கூட்டமாகச் சேர்ந்து நின்ற இடத்தைக் கருவி வைத்துத் தேடிப் போய் அள்ளினார்கள். மாணவி சொன்ன அந்த மாறாத 40தான். கரையோரத்தானின் வெறும் வலையைக் கணக்கு சரியாக ஏற்கவில்லை.

தவறு விஞ்ஞானிகளுக்கே தெரியவந்தபோது 1989ஆம் ஆண்டுக்கு 1,25,000 தொன்னுக்கு மேல் வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார்கள். அரசு 2,35,000 தொன் என்று நிர்ணயித்தது. வேலைவாய்ப்பு, வாக்கு, தொழிற்சாலை, எல்லாம் ஒரு பக்கம். 1992 ஜூலை 2ஆம் திகதி அந்தக் கடலை மூடினார்கள். ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒரே நாளில் தொழில் இல்லை. இரண்டு ஆண்டில் திறக்கலாம் என்று நினைத்தார்கள். மறுபடி வணிகத்துக்குத் திறந்தது 2024இல், அதுவும் 18,000 தொன்.

காக்கா, கரையில் பிறந்தவனைக் கேட்காதது தவறு என்று நீங்கள் சொன்னதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஆனால் கதையின் இரண்டாம் பாதியையும் பாருங்கள். கணக்கு திருந்திய பிறகும் அதைக் கேட்காதவர்கள் ஆட்சி மேசையில் இருந்தவர்கள்.

சாய்ந்தமருது காக்கா:

சேர், வாசித்தேன். முப்பதாயிரம் பேர் என்றதும் நெஞ்சு கனத்தது. ஆனாலும் விடமாட்டேன். வாழைச்சேனைத் தம்பி டூனாவைப் பற்றி எழுதினார். எங்கள் ஊரில் படகு வைத்திருக்கும் ஒருவர் சொன்னார், சூரைக்கு எல்லை போட்டார்களாம், உலகமே அந்த எல்லையைத் தாண்டிப் பிடித்ததாம், கடைசியில் மீன் நன்றாக இருக்கிறது என்று எல்லையை உயர்த்தினார்களாம். இது உண்மையென்றால் முதலில் போட்ட எல்லைக்கு என்ன பொருள்?

வாழைச்சேனைப் படகோட்டி:

உண்மைதான் காக்கா. 2016இல் மாலைதீவு முன்வைத்து ஒரு விதி வந்தது. மீன்பிடியே இல்லாத காலத்தில் எவ்வளவு சூரை இருந்திருக்குமோ அதில் 40 சதவீதம் கடலில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பிடியையும் இறக்க வேண்டும். 20 சதவீதம் தொடக்கூடாத எல்லை. அந்தக் கணக்கின்படி 2018 முதல் 2020 வரை ஆண்டுக்கு 4,70,029 தொன். 2018இலேயே பிடி 6 இலட்சம் தொன்னைத் தாண்டியது. மொத்த எல்லை இருந்தது, எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கவில்லை. பொதுக் கிணற்றில் வாளி போடுகிற மாதிரி ஆனது. அடுத்த மூன்று ஆண்டுக்கு 5,13,572. அதையும் தாண்டினார்கள். 2024 முதல் 2026 வரை 6,28,606.

வந்தாறுமூலை மாணவி:

காக்கா, இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, மறைக்கவும் எதுவும் இல்லை. சூரை வேகமாக வளரும், 40 சென்டிமீட்டரைத் தாண்டும்போதே சினை பிடிக்கும், ஆண்டு முழுவதும் முட்டை விடும். கடல் அதற்குச் சாதகமாக இருந்த சில ஆண்டுகளில் குஞ்சு நிறையப் பிழைத்தது. நீங்கள் நெத்தலிக்குச் சொன்னதேதான். கடல் கைகொடுத்தது. ஆனால் அது கைகொடுக்கும் என்று தெரிந்துகொண்டா எல்லையைத் தாண்டினார்கள்? இல்லை. தப்பித்தோம். அடுத்த முறை கடல் எதிராகத் திரும்பினால் அதே அளவு பிடி வேறு முடிவைத் தரும்.

கெலவல்லாவின் கதை இன்னும் சிக்கல். 2015இன் கணிப்பு அந்த இனம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்றது. பெரிய கப்பல்களின் சுற்றுவலைப் பிடியை 15 சதவீதமும், செவுள்வலை, ஆயிரங்கால் தூண்டில் பிடியைத் தலா 10 சதவீதமும் குறைக்க வேண்டும் என்று விதி வந்தது. பிறகு 2024இல் புதிய கணிப்பு, இப்போது நிலைமை சிவப்பில் இல்லை என்றது. மீன் ஒரே ஆண்டில் பெருகிவிடவில்லை. பிடிபடும் வீதத்தைக் கணக்கிடும் முறையும், கணித மாதிரியில் சேர்த்த தரவுகளும் திருத்தப்பட்டன. அப்படியானால் முன்பு சொன்னது பொய்யா என்று கேட்பீர்கள். வைத்தியர் முதல் பரிசோதனையை வைத்து ஒன்று சொல்லி, நல்ல பரிசோதனை வந்ததும் திருத்துகிறார். திருத்தாத வைத்தியரிடம் நான் போகமாட்டேன். முன்பு நல்ல பரிசோதனை இல்லாததற்குக் காரணங்களில் ஒன்று, நம்மைப் போன்ற நாடுகளின் பிடிக் கணக்கு அரைகுறையாக இருந்ததுதான்.

ஒன்று மட்டும் எந்தக் கணிப்பிலும் மாறவில்லை. மிதவைக்குக் கீழே சூரையோடு சேர்ந்து நிற்கும் சிறிய கெலவல்லா, சினை பிடிக்காத குஞ்சு. சந்தையில் அதைச் சூரையோடு கலந்து விற்கிறார்கள். அடுத்த முறை வெட்டும்போது வயிற்றுப் பக்கம் பாருங்கள். சூரைக்கு நீளவாக்கில் கறுத்த கோடுகள் இருக்கும். இதற்கு இருக்காது.

முகத்துவாரத்து அக்கா:

எல்லோரும் கடலையே பேசுகிறீர்கள். வாவியை மறந்துவிடாதீர்கள். நான் பதினோரு ஆண்டாக இறால், நண்டு வாங்கி விற்கிறேன்.

எங்கள் மட்டக்களப்பு வாவி 56 கிலோமீட்டர் நீளம். இறால் முட்டை விடுவது கடலில். குஞ்சு, வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு வாயாலும் கல்லாற்று வாயாலும் உள்ளே வந்து, கண்டல் வேரிலும் சாதாளையிலும் வளர்ந்து, பிறகு திரும்பக் கடலுக்குப் போகிறது. மடவையும் அப்படித்தான். ஆகவே வாய் எப்போது திறக்கிறது என்பதுதான் எங்களுக்கு எல்லாம். மாரியில் வெள்ளம் வயலை மூடினால் விவசாயி வாயை வெட்டச் சொல்கிறார். அவருடைய பயிர் அழுகுகிறது, அவர் சொல்வது நியாயம். அவசரப்பட்டு வெட்டினால் வளராத மீனும் இறாலும் வெள்ளத்தோடு போய்விடும் என்று வலைக்காரர் சொல்கிறார். அவர் சொல்வதும் நியாயம். வெட்டுகிற நாளைத் தீர்மானிக்கும்போது நீர்மட்டத்தைப் பார்க்கிறார்கள். இறால் எந்த அளவில் நிற்கிறது என்று யாராவது பார்க்கிறார்களா? வலைக்கண்ணை மட்டும் சட்டத்தில் எழுதினால் மீன் பெருகாது.

இறால் அளவு எனக்குத் தெரியும். எங்கள் வியாபாரத்தில் விலை அதில்தான் இருக்கிறது, கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று. தினமும் வாங்கும்போது கொப்பியில் எழுதுவேன். யாரிடம் வாங்கினேன், எத்தனை கிலோ, கிலோவுக்கு எத்தனை. கடன் கணக்குக்காக எழுதியது. பதினோரு ஆண்டுக் கொப்பியும் பரணில் கிடக்கிறது.

வந்தாறுமூலை மாணவி:

அக்கா, தயவுசெய்து அந்தக் கொப்பிகளை எறிந்துவிடாதீர்கள். கரையான் படாத இடத்தில் வையுங்கள்.

கிலோவுக்கு எத்தனை என்பது இறாலின் சராசரி எடை. நாளும் இடமும் சேர்ந்தால் எந்த மாதம் குஞ்சு, எந்த மாதம் முதிர்ச்சி, வாய் வெட்டிய ஆண்டில் என்ன மாற்றம் என்று பார்க்கலாம். என் நான்கு மாதக் குறிப்பேட்டைவிட உங்கள் பரண் பெரிது. நீங்கள் சம்மதித்தால் ஒரு விடுமுறை நாளில் வந்து, கடன்காரர் பெயர்களை விட்டுவிட்டு, எண்களை மட்டும் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.

முகத்துவாரத்து அக்கா:

வாருங்கள் பிள்ளை. வரும்போது சொல்லுங்கள், இறால் எடுத்து வைக்கிறேன். பெயர்கள் வெளியே போகக்கூடாது, அது மட்டும் கவனம்.

நாவலடியான்:

இரண்டு நாள் கடலில் இருந்துவிட்டு இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்தேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது, சரியா என்று சொல்லுங்கள்.

யுத்த காலத்தில் எங்கள் கரையில் எத்தனையோ நாள் கடலுக்குப் போக விடவில்லை. பாஸ் வேண்டும், நேரக் கட்டுப்பாடு. அந்த ஆண்டுகளின் கிழக்கு மாகாண மீன் உற்பத்தி குறைந்த எண்ணாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து அப்போது மீன் இல்லை என்று ஒருவர் எழுதினால் அது பெரும் பிழை. மீன் இருந்தது, நாங்கள் இல்லை. சுனாமிக்குப் பிறகு இதற்கு நேர்மாறு. உதவி என்று வந்தவர்கள் படகு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், தொழில் தெரியாதவர்களுக்கும் கிடைத்தது. மொத்தப் பிடி கூடியிருந்தால் மீன் கூடியதென்று பொருளா? பிறகு 2022. மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறியது. எத்தனை இயந்திரம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அந்த ஆண்டின் எண்ணையும் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவனைக் கேட்காமல் வாசிக்க முடியாது.

வந்தாறுமூலை மாணவி:

அண்ணா, முற்றிலும் சரி. பிடியை முயற்சியால் வகுக்காமல் வாசிக்கக்கூடாது என்று எங்களுக்கு ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தந்தார்கள். நீங்கள் அதை ஒரு பத்தியில் எழுதிவிட்டீர்கள்.

கரைக் கணக்கு இப்படி அறுந்து அறுந்து கிடப்பதால்தான் தொழிலோடு தொடர்பில்லாத இன்னொரு அளவு தேவைப்படுகிறது. நான்சன் என்ற நோர்வே ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை நம் கடலைச் சுற்றி வந்தது. ஒலியை அடிக்கடலுக்கு அனுப்பி, மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அளந்து, இடையிடையே வலை போட்டு அது என்ன மீன் என்று பார்ப்பார்கள். படகு போனதா, மண்ணெண்ணெய் இருந்ததா என்பதெல்லாம் அந்த அளவைப் பாதிக்காது. பிறகு அந்தப் பெயரில் வந்த கப்பல் நம் நாட்டு நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவின் ஆய்வாளர்களோடு நம்மைச் சுற்றியது 2018இல். இடையில் 38 ஆண்டு. இந்த இடைவெளியை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு தலைமுறைக் கடலுக்குப் படமே இல்லை.

களுவாஞ்சிக்குடி ஆசிரியர்:

விதைநெல்லை அவணக் கணக்கில் அளந்து பட்டறையில் கட்டிவைப்பவர்கள் நாம். எவ்வளவு உண்ணலாம், எவ்வளவை ஒதுக்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர் சொன்னால் பசியிலும் அதைத் தொடமாட்டோம். கடலுக்கு அந்தப் பட்டறை இல்லை. அளக்கத் தெரியாத விதையை எப்படி ஒதுக்குவது என்பதுதான் இந்த அறிவியலின் முழுப்பாடும்.

காக்கா கேட்ட அரிசிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அது விஞ்ஞானி சொல்ல வேண்டிய பதில் அல்ல. இந்த மாதங்களில் சினை மீன் அதிகம், இப்போது வலையை நிறுத்தினால் இவ்வளவு பலன் வரக்கூடும், நிறுத்தாவிட்டால் இவ்வளவு ஆபத்து என்று சொல்வது அவர் கடமை. அந்த மாதங்களில் கயிறு இழுப்பவன் வீட்டில் அடுப்பு எரிய வழி செய்வது ஆள்பவர் கடமை. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடை. அந்தக் காலத்துக்கு அரசு குடும்பங்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. போதுமா என்பது வேறு. கொடுக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே தாளை வாசித்தவர் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் நாவலடித் தம்பி இவ்வளவு மனம் நொந்திருக்க மாட்டார்.

சாய்ந்தமருது காக்கா:

சேர், இதைத்தான் கேட்டேன். அரிசிக்கு வழி சொல்லிவிட்டு வலையைக் கட்டச் சொன்னால் நானே முதல் ஆளாகக் கட்டுவேன். குஞ்சு மீனை மணலில் குவித்துப் பார்க்கும்போது எனக்கும் வலிக்கிறது. விற்கக்கூட முடியாத அளவில் வருகிற நாள் உண்டு, காகத்துக்குத்தான் போகும்.

மாணவிப் பிள்ளை, பருவம் தொடங்கியதும் எங்கள் கரைக்கு வாருங்கள். ஒரு வலை இழுத்து முடியும் வரை நில்லுங்கள். அளப்பதற்கு முன் எத்தனை இழுப்பு இழுத்தோம், எத்தனை இழுப்பு வெறுமை என்று நான் சொல்வேன், எழுதுங்கள்.

ஓந்தாச்சிமடம் வாசகர்:

இடையில் ஒரு கேள்வி. சிங்க இறால் இப்போது பிடிக்கலாமா? ஒருவர் முட்டையோடு கொண்டுவந்து விற்கிறார்.

வாழைச்சேனைப் படகோட்டி:

பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் பிடிக்கக்கூடாது. முட்டையோடு இருப்பதை எந்த மாதத்திலும் பிடிக்கவோ விற்கவோ கூடாது. வாங்காதீர்கள், அவரிடமும் சொல்லுங்கள்.

நாவலடியான்:

நேற்றுச் சந்தையில் 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி இயந்திரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பென்சில்தான், பேனா நனைந்தால் பரவிவிடும் என்று தம்பி சொன்னான். இன்று காலை எழுதிய முதல் பக்கம் இது.

இறங்கியது 1.40. திரும்பியது 6.15. ஆள் இரண்டு. மண்ணெண்ணெய் 18 லீற்றர். வலை சின்னக் கண், நான்கு துண்டு. கச்சான் காற்று, மெல்லியது. மீன் இல்லை.

தங்கச்சி, "இல்லை" என்று எழுதினால் போதுமா?

வந்தாறுமூலை மாணவி:

பூச்சியம் என்று எண்ணில் போடுங்கள் அண்ணா. கட்டத்தை வெறுமையாக விட்டால் எழுத மறந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு அந்த நாளையே கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்கள்.